சூரிச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் சம்பளம் பற்றிக் கதை வந்தால் பெருக்கல் கணக்கும் கூடவே வந்துவிடும். சூரிச்சில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் நிற்கிற மருமகன் மாதம் 4,000 பிராங்க் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிராங்க் 350 ரூபாய் என்றால் 14 லட்சம், "இங்கே ஒரு டொக்டருக்கே அது கிடையாதே" என்று யாராவது சொல்லி முடிப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் கணக்கு வகுத்தல். ஊரில் 70,000 ரூபாய் சம்பளம் எடுக்கிற ஆளைப் பார்த்து, "200 பிராங்கில் ஒரு மாதம் எப்படிச் சீவிக்கிறீர்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்பார்கள். இரண்டு கணக்கிலும் எண்கணிதம் சரி. ஆனால் இரண்டுமே வாழ்க்கைத்தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த மருமகன் 14 லட்சத்தை யாழ்ப்பாணத்தில் செலவழிக்கவில்லை, இந்த ஆள் 200 பிராங்கோடு சூரிச்சில் கடைக்குப் போகவும் இல்லை.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் பெரிது. இலங்கையில் தலைக்குரிய வருமானம் 2024இல் சுமார் 4,500 டொலர். சுவிட்சர்லாந்தில் அது ஒரு லட்சம் டொலரைத் தாண்டும். நாணயமாற்று விகிதத்தில் பார்த்தால் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். வாங்கும் சக்தியில், அதாவது அந்தக் காசுக்கு அந்தந்த நாட்டில் எவ்வளவு வாங்கலாம் என்று பார்த்தால், இலங்கையின் எண் மூன்று மடங்குக்கு மேல் ஏறி 15,000 பக்கம் போகிறது, சுவிஸ் எண்ணோ கொஞ்சம் இறங்குகிறது, வித்தியாசம் ஆறு மடங்குச் சுற்றுக்கு வந்துவிடுகிறது. ஒரே ஆண்டு, அதே இரண்டு நாடுகள். இருபது சரியா, ஆறு சரியா என்று கேட்டால், நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

நாணயமாற்று விகிதம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று பாருங்கள். இறக்குமதி, ஏற்றுமதி, கடன், முதலீடு, வெளிநாட்டில் இருந்து வருகிற காசு, இவற்றுக்காக டொலரை வாங்குபவர்களும் விற்பவர்களும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கிறார்கள். முடி வெட்டும் கூலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனில் 600 ரூபாய்க்கு வெட்டுகிற முடியை சூரிச்சில் வெட்ட 40 பிராங்க் என்று வைத்தால், அது 14,000 ரூபாய். மலிவாக இருக்கிறதென்று அங்கே இருப்பவர் கிழமைக்கு ஒருமுறை இங்கே வந்து முடி வெட்டிக்கொண்டு போக முடியாது. பஸ் கட்டணம், ரியூசன் காசு, மேசன் கூலி, தையல் கூலி, வீட்டு வாடகை எல்லாம் இந்த வகை. கப்பலில் ஏற்ற முடியாதவை. பெற்றோல், பால்மா, தொலைபேசி, கோதுமை மா போன்றவற்றை ஏற்றலாம், ஆகவே அவற்றின் விலை உலகச் சந்தையை ஒட்டித்தான் போகும்.

ஏழை நாடுகளில் கப்பலில் ஏற முடியாதவை ஏன் இவ்வளவு மலிவு? 1964இல் பொருளியலாளர்களான பேலா பலாசாவும் போல் சாமுவேல்சனும் தனித்தனியாக ஒரே விளக்கத்தைக் கொடுத்தார்கள். சுவிஸில் மருந்துத் தொழிற்சாலையும் கடிகாரத் தொழிற்சாலையும் ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேரத்துக்கு நிறைய உற்பத்தி செய்கின்றன, அதனால் அதிகம் சம்பளம் கொடுக்கின்றன. சலூன்காரரின் கத்தரிக்கோல் அங்கேயும் இங்கேயும் ஒரே வேகத்தில்தான் ஓடும், ஆனால் அங்கே அவருக்கும் அந்தச் சம்பளத்துக்குக் கிட்டவாகக் கொடுக்காவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். இங்கே அவர் போவதற்கு அப்படியொரு தொழிற்சாலை இல்லை.

இந்த இடத்தை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. "யாழ்ப்பாணத்தில் எல்லாம் மலிவு" என்று ஓகஸ்ட் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் சொல்லும்போது, அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். புடைவைக் கடையில் நாள் முழுக்க நின்று கொண்டிருக்கிற பிள்ளையின் சம்பளம் குறைவு, அதனால் கடையில் சேவை மலிவு. வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுக்கிற அம்மாவின் கூலி குறைவு, அதனால் சமையல் மலிவு. வாங்கும் சக்திக் கணக்கு இந்த மலிவை நாட்டின் தலைக்குரிய வருமானத்தில் ஒரு கூடுதலாகவே எழுதுகிறது. கணக்காக அது சரிதான். ஆனால் அந்த மலிவை அனுபவிக்கிறவரும் அந்த மலிவுக்கு உழைக்கிறவரும் ஒரே ஆள் அல்ல என்பது சராசரி எண்ணில் தெரியாது.

இனி இந்தக் கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்ப்போம். எண்ணம் பழையது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் நாணயங்கள் ஆட்டம் கண்டபோது சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் காசெல் இதைப் பற்றி எழுதினார். ஆனால் உலகம் முழுக்க விலை சேகரித்து ஒப்பிடுகிற வேலை 1968இல்தான் தொடங்கியது, ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து. ஏர்விங் கிராவிஸ், அலன் ஹெஸ்டன், றொபேர்ட் சம்மர்ஸ் என்ற மூவர் முன்னின்றார்கள். முதற் சுற்று 1970ஆம் ஆண்டுக்கு, பத்து நாடுகள் மட்டும். 1975ஆம் ஆண்டுச் சுற்றில் 34 நாடுகள், அதில் இலங்கையும் இருந்தது. 2021ஆம் ஆண்டுக்கான சுற்றில் 176 நாடுகளும் பிரதேசங்களும், முடிவுகள் 2024 மே மாதத்தில் வந்தன. இன்று உலக வங்கி இதை நடத்துகிறது, ஆசியப் பகுதியை ஆசிய அபிவிருத்தி வங்கி பார்க்கிறது, இலங்கையில் விலை எடுப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம்.

சொல்வதற்கு எளிது: ஒரே சாமான்களை இரண்டு நாட்டிலும் விலை கேட்டு, இந்தக் கூடைக்கு இங்கே எத்தனை ரூபாய், அங்கே எத்தனை டொலர் என்று பார்த்தால் ஒரு விகிதம் வரும். இலங்கைக்கு அந்த விகிதம் இப்போது 90 ரூபாய்ச் சுற்றில் இருக்கிறது. அதாவது அமெரிக்காவில் ஒரு டொலருக்கு வாங்கக்கூடியதை இங்கே, சராசரியாக, ஏறக்குறைய 90 ரூபாய்க்கு வாங்கலாம், வங்கியில் ஒரு டொலர் 300 ரூபாயாக இருந்தாலும். இந்த விகிதத்தால் ரூபாய் வருமானத்தை வகுத்து வருகிற எண்ணைத்தான் சர்வதேச டொலர் என்கிறார்கள். அது யாருடைய பொக்கற்றிலும் இருக்கிற டொலர் அல்ல.

"ஒரே சாமான்" என்ற இடத்தில்தான் வேலை கஷ்டமாகிறது. எங்கள் வீட்டுச் சமையலை எடுங்கள். காலையில் பிட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய், சொதி, சில நாள் ஒடியல் கூழ். இதில் எதை சூரிச்சில் விலை கேட்பது? ஒடியல் மா அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும், ஆனால் சுவிஸ் மக்கள் சாப்பிடுகிற சாமான் அல்ல, விலையும் பல மடங்கு. அவர்களுடைய சீஸை இங்கே தேடினால் கொழும்பில் பெரிய கடைகளிலோ யாழ்ப்பாண நகரத்தில் ஒன்றிரண்டு இடத்திலோ கிடைக்கும், அதுவும் பணக்காரச் சாமான் விலையில். இரண்டு நாட்டிலும் கிடைக்கிற, அச்சாக ஒரே மாதிரியான சாமானைத் தேடினால் மக்கள் உண்மையில் சாப்பிடுகிறது விடுபட்டுப்போகும், மக்கள் சாப்பிடுகிறதைப் பிடித்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. அதனால் சாமான்களை விபரமாக வரையறுக்கிறார்கள், எந்த வகை அரிசி, எத்தனை கிலோப் பொதி, உடைந்த மணி எவ்வளவு என்ற அளவுக்கு. அப்படியும் எங்கள் மோட்டுக்கருப்பன் அரிசியை இத்தாலி அரிசியோடு நிறுத்துப் பார்க்க முடியாது.

அடுத்தது, யாருடைய கூடை என்ற கேள்வி. சுவிஸ் கூடையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விலை போட்டால் இங்கே வாழ்வது அவ்வளவு மலிவாகத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கூடை நிறைய இறக்குமதிச் சாமான். எங்கள் கூடையை சூரிச்சுக்குக் கொண்டுபோனால் தேங்காயும் முருங்கைக்காயும் அங்கே பொன் விலை, ஆகவே இங்கே மிக மிக மலிவு என்று வரும். மனிதர்கள் எங்கேயும் தங்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பதைத்தான் அதிகம் வாங்குவார்கள், அதனால் எவருடைய கூடையும் அவரவர் ஊரில் மலிவாகவே இருக்கும். இரண்டு விடைக்கும் இடையில் ஒரு பெருக்கற் சராசரியை (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுத்துக்கொள்வது பொருளியலாளர் ஏர்விங் பிஷர் காலத்து வழி, இன்றைய முறையும் அதை அடித்தளமாகக் கொண்டதுதான். நியாயமான சமரசம், ஆனால் சமரசம்தான். ஒத்த பொருளாதாரங்களுக்கு இடையில், உதாரணமாக இலங்கையையும் வியட்நாமையும் ஒப்பிடும்போது, இந்த எண்ணை நான் நன்றாகவே நம்புவேன். இலங்கையையும் சுவிஸையும் ஒப்பிடும்போது "ஆறு மடங்குச் சுற்று" என்பதற்கு மேல் துல்லியம் கேட்கக் கூடாது.

இந்த எண்கள் எவ்வளவு அசையும் என்பதற்கு ஒரு சம்பவம். 2005ஆம் ஆண்டுச் சுற்றில்தான் சீனா முதன்முதலாகச் சேர்ந்தது. புதிய விலைகள் வந்தவுடன் சீனாவினதும் இந்தியாவினதும் பொருளாதார அளவு, முன்பு மதிப்பிட்டதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. யாருடைய சட்டியிலும் ஒரு பிடி சோறு குறையவில்லை, மாறியது அளவுகோல். பிறகு 2011 சுற்று வந்தபோது மறுபக்கம் சரிந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அங்கஸ் டீற்றன் போன்றவர்கள் இந்தக் கூடைகளும், அவற்றில் எந்தச் சாமானுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதும் பற்றிப் பல வருடங்கள் கேள்வி எழுப்பியது சும்மா அல்ல. உலக வறுமைக் கோடு இந்த எண்களின் மேல்தான் நிற்கிறது. 1990இல் நாளுக்கு ஒரு டொலர் என்று தொடங்கியது 1.25, 1.90, 2.15 என்று மாறி 2025 ஜூனில் 3 டொலரானது. இந்த 3 டொலர் வங்கி டொலர் அல்ல, சர்வதேச டொலர். வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்கள் "நாளுக்கு மூன்று டொலர் என்றால் 900 ரூபாய், ஊரில் அது போதுமே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று டொலர் இங்கே 300 ரூபாய்ப் பக்கம். அதில் ஒரு நாள் ஒரு ஆள் சாப்பிட்டு, உடுத்து, மருந்தும் எடுக்க வேண்டும்.

அரசாங்கம் காசு வாங்காமல் கொடுப்பதை என்ன செய்வது? எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி, இலவச வைத்தியம் இரண்டும் இல்லாவிட்டால் வடக்கில் எத்தனை குடும்பங்கள் கரையேறியிருக்கும்? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒரு சத்திரசிகிச்சைக்கு நோயாளி பில் கட்டுவதில்லை, ஆகவே விலை கேட்க விலையே இல்லை. கணக்கில் இவற்றைச் சம்பளச் செலவை வைத்து மதிப்பிடுகிறார்கள், ஆசியாவில் உற்பத்தித்திறன் வித்தியாசத்துக்கு ஒரு திருத்தமும் செய்கிறார்கள். நோயாளிக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதை இந்த முறை அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஆனாலும், வீட்டுச் செலவையும் அரசு கொடுக்கும் கல்வி, சுகாதாரத்தையும் சேர்த்துப் பார்க்கிற "உண்மையான தனிநபர் நுகர்வு" என்ற எண், வெறும் மொத்த உற்பத்தியை விட வாழ்க்கைத்தரத்துக்கு நெருக்கமானது. சுவிஸில் 1996 முதல் மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம், அதன் கட்டணத்தை மாதாமாதம் அவரவரே கட்ட வேண்டும். 4,000 பிராங்கைப் பெருக்குகிறவர்கள் அதைக் கழிப்பதைக் காணவில்லை.

சரி, அப்படியென்றால் எப்போதும் வாங்கும் சக்தி எண்ணையே எடுக்கலாமா? முடியாது, 2022 அதைக் காட்டியது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சுற்றில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. தலைக்கு 13,000, 14,000 சர்வதேச டொலர் வருமானம் உள்ள நாடு என்று புத்தகத்தில் இருந்தது, ஆனால் எரிபொருள் கப்பலுக்கு சர்வதேச டொலரில் காசு கட்ட முடியாது. மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் கடற்றொழிலாளர்களின் படகுகள் கரையில் கிடந்தன, பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசை, பால்மா கடைக்கு வந்தால் அது செய்தி. இறக்குமதி, கடன், பிள்ளையை வெளிநாட்டில் படிப்பிக்கிற செலவு, விமானச் சீட்டு, ஏஜென்சிக்குக் கட்டுகிற காசு எல்லாவற்றுக்கும் வங்கி விகிதம்தான் உண்மை. ஒரு நாடு உலகத்திடம் என்ன வாங்கலாம் என்பதைச் சந்தை விகிதம் சொல்கிறது, தன் ஊரில் எப்படி வாழலாம் என்பதை வாங்கும் சக்தி சொல்கிறது. அந்த வருடம் இரண்டும் சேர்ந்து விழுந்தன, ஏனென்றால் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின் வருடாந்த ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. உலக வங்கியின் கணக்கில், இலங்கை போன்ற கீழ்நடுத்தர வருமான நாடுகளுக்கு அப்போது வைத்திருந்த நாளுக்கு 3.65 டொலர்க் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2021இல் 13 சதவீதம், 2022இல் 25 சதவீதம். 2024இல் ரூபாய் பலமாகி டொலரில் தலைக்குரிய வருமானம் 4,500க்கு ஏறியபோது "நெருக்கடிக்கு முந்திய நிலைக்கு மேல் போய்விட்டோம்" என்று எழுதினார்கள். சம்பளம் எடுத்துச் சீவிக்கிற எந்தக் குடும்பமும் அதை ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு குறை, இது தேசிய எண். கொழும்பும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஒன்றாகக் கலந்தது. நாட்டுக்குள்ளேயும் விலை வேறுபடுகிறது என்பதைத் தொகைமதிப்புத் திணைக்களமே ஏற்றுக்கொண்டு, வறுமைக் கோட்டை மாவட்டம் மாவட்டமாக வெளியிடுகிறது: கொழும்புக்கு அதிகம், மொனராகலைக்குக் குறைவு. 2019இல் தேசியக் கோடு ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாய், 2024இல் 16,000க்கு மேல். வாங்கும் சக்தி ஒப்பீட்டின் சின்ன வடிவம்தான் இது. நாடு முழுக்க விலை பார்க்கிற தேசிய நுகர்வோர் சுட்டெண் 2015இல்தான் வந்தது, அதற்கு முன் பேசப்பட்டதெல்லாம் கொழும்புச் சுட்டெண். அதுவும் போக, போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வீட்டு வருமானச் செலவு ஆய்வுகள் வடக்கில் நடக்கவில்லை. போருக்குப் பிறகு எல்லா மாவட்டமும் சேர்ந்த முதல் ஆய்வு 2012/13இல். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றறியும் தடை செய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து விலை எந்தச் சர்வதேசக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த வருடங்களில் "இலங்கையின் வாழ்க்கைத்தரம்" என்று எழுதப்பட்டது எங்களைச் சேர்க்காத ஒன்று.

காணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடும்பத்தின் பெரிய செலவு எது என்று கேட்டால் காணி, வீடு, பிள்ளையின் சீதனம் என்றுதான் பதில் வரும். காணி வாங்குவது நுகர்வு அல்ல, ஆகவே கூடையிலேயே இல்லை. வாடகைதான் இருக்கிறது, அதுவும் 2005 சுற்றில் ஆசியாவுக்கு வாடகைத் தரவு ஒழுங்காகக் கிடைக்காததால், வீட்டின் அளவு மற்ற நுகர்வைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு பரப்புக் காணிக்கு விலை சொல்லும்போது விற்பவர் மனத்தில் இருப்பது உள்ளூர் ஆசிரியரின் சம்பளம் அல்ல, பிராங்கும் பவுணும் கனேடிய டொலரும்தான். சாமான் ரூபாயில், காணி பிராங்கில் என்று ஒரே ஊருக்குள் இரண்டு விலை உலகம். உள்ளூர்ச் சம்பளத்தில் இருக்கிற இளம் குடும்பம் இரண்டாவதில் நுழையவே முடிவதில்லை. தலைக்குரிய வருமானம் 15,000 என்ற எண்ணை அவர்களிடம் காட்டினால் என்ன சொல்வார்கள்?

சூரிச் மருமகனின் 4,000 பிராங்கை இப்போது ஒழுங்காகப் பார்க்கலாம். சுவிஸில் ஒரு பிராங்க் கிட்டத்தட்ட ஒரு சர்வதேச டொலர்தான், அதாவது வாங்கும் சக்தியில் யாழ்ப்பாணத்தில் 90 ரூபாய்ச் சுற்று. 3,400ஐ அவர் அங்கேயே வாடகை, காப்புறுதி, வரி, சாப்பாடு என்று செலவழிக்கிறார் என்று வைத்தால், அது இங்கே 3 லட்சம் ரூபாய் எடுக்கிறவரின் வாழ்க்கைக்குச் சமம். 600ஐ ஊருக்கு அனுப்புகிறார், அதற்கு மட்டும்தான் வங்கி விகிதம் பொருந்தும்: 2,10,000 ரூபாய். ஆக, 14 லட்சம் என்ற எண் எங்கேயும் இல்லை. அந்த 600 பிராங்கை அங்கே தனக்குச் செலவழித்திருந்தால் அவருக்கு யாழ்ப்பாணத்து 54,000 ரூபாய்ப் பெறுமதியான வாழ்க்கைதான் கிடைத்திருக்கும், அதை விட்டுக்கொடுத்து அம்மாவின் கையில் இரண்டு லட்சத்தைச் சேர்க்கிறார். இவ்வளவு பேர் இவ்வளவு வருடம் வங்கியாலும், வங்கிக்கு வெளியே ஆட்கள் கைமாற்றுகிற உண்டியலாலும் காசு அனுப்பிக்கொண்டிருப்பதற்குப் பாசம் ஒரு காரணம், இந்த நான்கு மடங்கு இன்னொரு காரணம். இந்த இடைவெளி நிலையானதும் அல்ல. 2022இல் 360 ரூபாய்க்கு மாறிய டொலர் பிறகு 300க்கு இறங்கியது, ஆனால் கடையில் ஏறிய விலைகள் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. வெளிநாட்டுக் காசில் சீவிக்கிற வீடுகளில் "முந்தி வந்த அதே காசுதான் வருகிறது, ஆனால் போதவில்லை" என்கிறார்களே, அவர்கள் சொல்வது சரியான கணக்கு.